ராயபுரம் டிக்கெட்டும் 2010 சர்வரும்... மாறுகிறது ரயில்வே முன்பதிவு!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். 2025-ல் அதே வடசென்னையில் நீங்கள் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்திருந்தால், அந்தக் கணக்கு 2010-ல் நிறுவப்பட்ட இட்டானியம் சர்வர்களுக்குத்தான் போயிருக்கும்.

அந்த சிப் விற்பனையை இன்டெல் 2021-லேயே நிறுத்திவிட்டது. கடையில் இல்லாத சாமானுக்கு உதிரிபாகம் தேடினால் பராமரிப்புச் செலவு ஏறத்தானே செய்யும்? எனவே, முன்பதிவு முழுவதையும் கிளவுட் தொழில்நுட்பத்துக்கு மாற்றப்போவதாக 2025-ல் அறிவித்தது ரயில்வே. பொறுப்பு, அதன் கணினிப் பிரிவான 'கிரிஸ்' வசம்.

சவால் இதுதான்: 60 நாள்கள் முன்பே விற்ற டிக்கெட்கள், வெயிட்டிங் லிஸ்ட், ரீஃபண்ட்... எதுவும் தவறாமல் புதிய கணினிக்குப் போக வேண்டும். ரயில்களும் ஓடிக்கொண்டே இருக்கும்.

செலவு மிச்சமானால் ரயில்வேக்கு லாபம். ஒரு பி.என்.ஆர் தவறினாலும், எண்ணூர் ஆலையிலிருந்து ஊருக்குக் கிளம்பும் தொழிலாளிக்குப் பயணமே போச்சு!