கரும்பு மகசூல்: இடைவெளியிலா, உரத்திலா?

தஞ்சைப் பக்கம் கரும்பு போட்டவரிடம் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எத்தனை அடி பார்?" "எத்தனை மூட்டை யூரியா?" இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் சிக்கல். நடவை மாற்றாமல் உரத்தைக் குறைத்தாலும், மண்ணை மாற்றாமல் நடவை மாற்றினாலும் கணக்கு உதைக்கும்.

மகசூல் என்பது வெட்டுக்கு வரும் கரும்பின் எண்ணிக்கை, அதை ஒரு கரும்பின் எடையால் பெருக்கியது. அவ்வளவுதான்.

வழக்கமான நடவில் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை வைக்கிறோம். அதாவது 60,000 பரு. விதைக்கரும்பு மட்டுமே 3, 4 டன் போய்விடுகிறது. அத்தனையும் முளைத்துத் தூர் கட்டினால் நிழல் கட்டி, தூரில் ஏறக்குறைய பாதி செத்துப்போகும். சாகப்போகிற தூருக்கும் சேர்த்துத்தான் நாம் உரம் போடுகிறோம்.

நீடித்த நவீன கரும்பு சாகுபடி இதற்கு மாற்று. இக்ரிசாட்டும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து 2009இல் கொண்டுவந்த முறை. ஒற்றை நாற்று நடவு செய்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது, அதே தத்துவம்தான். பருவை மட்டும் சீவி எடுத்துக் குழித்தட்டில் வளர்த்து, 25 முதல் 35 நாள் நாற்றை 5 அடிக்கு 2 அடியில் நடுகிறோம். ஏக்கருக்கு 4,356 குத்து. போக்கிடம் நிரப்பச் சேர்த்து 5,000 நாற்று போதும்.

இனி கணக்கைப் பாருங்கள். குத்துக்கு 9 கரும்பு, கரும்பு ஒன்றேகால் கிலோ என்றால் 49 டன். அதே வயலில் குத்துக்கு 6 கரும்புதான் நின்றால் 33 டன்கூட வராது. அந்த 16 டன்னைத் தீர்மானிப்பது மண்தான். வெறும் மண்ணில் அகலப் பார் போட்டால் களைதான் லாபம் பார்க்கும்.

உரக் கணக்கு

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி எக்டருக்கு 275 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 110 கிலோ, யூரியாவாக 240 கிலோ; ஐந்து மூட்டைக்கு மேல். இதை 90 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். பிந்திப் போட்டால் கரும்பு சாயும், சர்க்கரைக் கட்டுமானம் குறையும். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பாகு இறுகாது.

இயற்கை வழியில் இந்தத் தழைச்சத்தை ஒரே இடத்திலிருந்து எடுக்க முடியாது. நடவுக்கு முன் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். தொழுவுரம் சாலில் விழ வேண்டும். ஐந்தடி இடைவெளியில் உளுந்து, தட்டைப்பயறு ஊடுபயிராக வேண்டும்.

கரும்புக்குள்ளேயே ஒரு உதவியும் இருக்கிறது. தண்டுக்குள் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாவை 1988இல் பிரேசிலில் கண்டறிந்தார்கள். குளுக்கோன் அசிட்டோபாக்டர் என்று நம் ஊரில் உயிர் உரமாகவே கிடைக்கிறது. யூரியா அதிகமாகப் போடும் வயலில் இதன் எண்ணிக்கை குறைந்துவிடும். ரெண்டையும் சேர்த்துப் போடுவது வீண் செலவு.

சோகையைக் கொளுத்தாதீர்கள். பாரிடையில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும். ஆனால் காய்ந்த சோகை மட்கும்போது முதலில் மண்ணின் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். அதனால் மேலே சாணக்கரைசலோ ஜீவாமிர்தமோ ஊற்றுங்கள்.

நம் மண்ணுக்கு

குருங்குளம் பக்கத்துச் செம்மண் மேட்டில் வடிகால் கவலை இல்லை, மட்குதான் குறை. பழைய டெல்டாக் களிமண்ணில் நிலைமை நேர்மாறு. மட்கு இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். அங்கே முன்பட்டத்தில் நட்டு, மழைக்கு முன் இரண்டு முறை மண் அணைத்து, வடிகால் வெட்டியாக வேண்டும்.

மொத்த நிலத்தையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டாம். அரை ஏக்கரில் ஆரம்பியுங்கள். நான்காம் மாதம் பத்துக் குத்தில் தூர் எண்ணுங்கள். வெட்டும்போது பத்துக் கரும்பு நிறுத்துப் பாருங்கள். குத்துக்கு ஏழைத் தாண்டவில்லையென்றால், அடுத்த நடவுக்கு முன் இன்னொரு முறை சணப்பை விதையுங்கள்.