முற்றத்துக்குப் போன பள்ளி

காலை லோக்கலைப் பிடிக்க ஓடும் டோம்பிவிலிப் பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு: மூன்று வயதுப் பிள்ளை எப்போது எழுதத் தொடங்கும்? அதே தாணே மாவட்டத்தின் கடலோரக் கிராமமான போர்டியில் (இன்று பால்கர் மாவட்டம்) ஒருகாலத்தில் கவலையே வேறு. பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை.

அங்கே 1945இல் குழந்தைக் கல்வி மையம் தொடங்கிய தாராபாய் மோடக், மரியா மாண்டிசோரியின் கொள்கையை ஏற்றவர். தொட்டும் அடுக்கியும் குழந்தை தானே கற்கும். ஆசிரியர் கவனித்துத் துணை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதற்கான மரச் சாதனங்கள் விலை உயர்ந்தவை. போர்டியில் கூழாங்கல்லும் சிப்பியும் விதையும் இலையும் அந்த வேலையைச் செய்தன. பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார்கள். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியே வகுப்பறை. உடன் உழைத்த அனுதாய் வாக், பணி கோஸ்பாடுக்கு மாறிய பிறகும் அதைத் தொடர்ந்தார்.

'அங்கன்' என்றால் முற்றம். 1975இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளை நாடெங்கும் கொண்டு சென்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்துகிறது.

கூழாங்கல் இன்றும் இலவசம்தான். பொறுமைதான் தட்டுப்பாடு, அதுவும் பெற்றோரிடம்.