நாலேகால் அங்குலக் குழி

முந்நூறு கஜ தூரம் பந்தைப் பறக்கவிடும் கோல்ஃப் வீரனைக் கண்டு ஜனங்கள் ஆரவாரிப்பது சகஜமே. ஆயினும் அந்த மகத்தான அடிக்கும், குழியருகே கிடக்கும் பந்தை மெல்ல உருட்டிவிடும் சிறு தட்டுக்கும் கணக்கில் ஒரே மதிப்புதான் என்பதையும், தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, கிரீன் எனப்படும் வழுவழுப்பான புல்தரையில் பட்டர் மட்டையால் தட்டப்படுபவை என்பதையும் யோசிப்பவர் சிலரே. இந்தத் தட்டுக்குத் தேகபலம் வேண்டியதில்லை. திசையும் வேகமும் சரியாக அமைந்தால் போதும். மணிக்கணக்கில் அப்பியாசம் செய்தும் பலர் முன்னேறாமைக்குக் காரணம், தவறியது இவ்விரண்டில் எது என்பதை அந்த அப்பியாசம் அவர்களுக்குக் காட்டிக்கொடுக்காததுதான் என்பது என் அபிப்பிராயம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் 1891-ல் நிர்ணயித்தபடி குழியின் விட்டம் 4.25 அங்குலம். சமதரையில் பத்தடி தூரத்திலிருந்து தட்டிய பந்து ஒரே ஒரு டிகிரி விலகினாலும், குழியை எட்டும்போது அதன் மையம் 2.1 அங்குலம் தள்ளிப்போய், சரியாக விளிம்பின் மேல் வந்து நிற்கிறது. புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் கோணம். மட்டை வரும் பாதைக்கு அதில் சொற்பப் பங்கே உண்டு. ஆகவே, பந்துக்கு 20 அங்குலம் முன்னால் முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் டீக்குச்சிகள் இரண்டை 2.4 அங்குல இடைவெளியில் ஊன்றி, அந்த வாயில் வழியே பந்தைச் செலுத்திப் பழகுவது உத்தமம். பந்தின் விட்டம் 1.68 அங்குலமாதலால், குச்சியில் படாமல் அது வெளியேறினால் திசைப்பிழை ஏறத்தாழ ஒரு டிகிரிக்குள் அடங்கிவிட்டதென்று சொல்லலாம். டைகர் வுட்ஸ் குச்சிகளை மட்டையின் இரு புறமும் ஊன்றிப் பழகியது பிரசித்தம்; அது மட்டையின் நடுப்பாகத்தில் பந்து படுகிறதா என்பதைச் சோதிப்பது.

வாயில் வழியே செலுத்தும் அப்பியாசத்தை வீட்டுக் கம்பளத்திலும் செய்யலாம். ஆனால் வேகத்தைக் கம்பளம் கற்பிக்காது. தட்டிய பந்து உடனே உருளுவதில்லை. முதலில் சறுக்கி, உராய்வினால் ஆரம்ப வேகத்தில் ஏழில் ஐந்து பங்காகக் குறைந்த பின்னரே முழுதாக உருளத் தொடங்குகிறது. அதன்பின் எவ்வளவு தூரம் ஓடும் என்பது புல்லைப் பொறுத்தது. எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன் என்பவர் 1935-ல் புல்தரையின் வேகத்தை அளக்க ஒரு கருவி செய்ய நேர்ந்ததும் இதனால்தான். வேகம் மிகுந்தால் குழியே சுருங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்: நேர் மையத்தை நோக்கி வரும் பந்தும் விநாடிக்கு 1.6 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் வந்தால் குழியைத் தாண்டிப் பாய்ந்துவிடும் என்று பிரையன் ஹோம்ஸ் 1991-ல் கணக்கிட்டுக் காட்டினார். நாஸாவில் விஞ்ஞானியாயிருந்து கோல்ஃப் ஆசிரியரான டேவ் பெல்ஸ், தவறிய பந்து குழிக்கு அப்பால் 17 அங்குலத்தில் நிற்பதே உசிதமான வேகம் என்றார். பழகும் முறை எளிது. பத்து, இருபது, முப்பது அடி என்று தூரத்தை மாற்றி மாற்றித் தட்டி, தலையை உயர்த்துமுன் பந்து முன்னால் நின்றதா, தாண்டியதா என்று தமக்குத் தாமே சொல்லி, பிறகு பார்க்க வேண்டும்.

தூரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஆதாரம் உண்டு. ஷீ, மார்கன் என்ற இருவர் 1979-ல் நடத்திய கைத்திறன் பரிசோதனையில், ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது மேம்பட்டும், செயல்களைக் கலந்து செய்தவர்கள் பத்து நாள் கழித்து நடந்த தேர்வில் மேம்பட்டும் விளங்கினார்கள். ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்து தட்டி ஐம்பதாவதைப் போட்டுவிட்டு மகிழ்பவர், பாவம், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். ஆட்டத்தில் அவருக்கு நாற்பத்தொன்பது முன்னோட்டங்களை யாரும் அளிக்கப்போவதில்லை. ஃபில் மிக்கெல்ஸன் கையாண்ட வட்ட அப்பியாசத்தில் மாற்றி மாற்றிப் பழகும் அனுகூலம் இயல்பாகவே அமைந்திருக்கிறது: குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் பந்துகளை அடுக்கினால், சரிவுள்ள தரையில் ஒவ்வொன்றும் வேறு விதமாக வளையும். ஒன்று தவறினால் கணக்கை முதலிலிருந்து தொடங்குவதென்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டால் போட்டியின் பதற்றமும் கூடவே வந்துவிடுகிறது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் தட்டுமுன் பார்வையைப் பந்தின்மீது நிலைநிறுத்துவதையும், பந்து போன பின்னரும் அந்த இடத்திலேயே சற்று வைத்திருப்பதையும் கனடாவின் கால்கரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்து கண்டார். பந்தின் கீழ் ஒரு நாணயத்தை வைத்து, பந்து அகன்றதும் நாணயத்தைப் பார்க்கப் பழகுவது இதற்கு ஏற்ற வழி.

இவ்வளவு செய்தும் எட்டடிப் பந்து தவறினால் மனம் தளர வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறை வீரர்களே அந்தத் தூரத்திலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள் என்பது கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்க் பிராடியின் கணக்கு. புது மட்டை வாங்கக் கடைக்குப் புறப்படுவோர், அதற்கு முன் ஒரு மாத காலம் நாலு டீக்குச்சிகளையும் ஒரு நாணயத்தையும் கொண்டு பழகிப் பார்ப்பார்களாக.