கொட்டகைக்குச் செல்போன் போட்ட கணக்கு!

கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல் கிராமம். 10 மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம், ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு 30-க்கு 20 அடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை கட்ட முடிவு செய்தது. கல்லூரியில் படிக்கும் மகள், செல்போனில் இருந்த ஏ.ஐ (செயற்கை நுண்ணறிவு) செயலியிடம் செலவைக் கேட்டார். அரை நிமிடத்தில் கம்பி, சிமென்ட், ஜல்லி, தகரம், கூலி என்று பட்டியல் வந்தது. கீழே மொத்தத் தொகையும் இருந்தது. அந்தத் தொகைக்கு நகையை அடகு வைக்க அப்பா கிளம்பிவிட்டார்.

அதற்குள் கொத்தனார் வந்து தாளைப் பார்த்தார். "அண்ணாச்சி, கூட்டலெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வானம் தோண்ட ரெண்டடிதான் போட்டிருக்கு. இது செம்மண்ணுக்குப் போட்ட கணக்குல்லா!" என்றார்.

கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போகாவிட்டால் சுவர் விரியும். ஆழம் கூடினால் தோண்டும் கூலி, நிரப்பும் மணல், கல் எல்லாமே கூடும். மண் என்னவென்று மகள் சொல்லவில்லை, செயலியும் கேட்கவில்லை.

பெரிய கட்டுமான நிறுவனங்களும் செலவைக் கணிக்க ஏ.ஐ-யைப் பயன்படுத்துகின்றன. அங்கே நிறுவனம் ஏற்கெனவே கட்டிய கட்டடங்களின் கணக்கும் வரைபடமும் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. நம் செல்போன் செயலிக்கு நாம் தட்டச்சு செய்யும் நான்கு வரிதான் ஆதாரம். சொல்லாததை அதுவே ஊகித்துக்கொள்ளும்.

தரையை எடுத்துக்கொள்ளுங்கள். 600 சதுர அடிக்கு 4 அங்குல கான்கிரீட் என்றால் 200 கன அடி. 1:2:4 கலவையில் அதற்குச் சுமார் 36 மூட்டை சிமென்ட், 90 கன அடி எம்-சாண்ட், 175 கன அடி ஜல்லி பிடிக்கும். கனத்தைச் சொல்லாமல் கேட்டு, அது 6 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் சிமென்ட் 54 மூட்டை ஆகிவிடும். 18 மூட்டை வித்தியாசம்! ஆகவே, 'எந்தக் கனம், எந்தக் கலவை என்று வைத்துக் கணக்குப் போட்டாய்?' என்று அதனிடமே கேட்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடும்.

விலையில்தான் அதிகம் ஏமாற வேண்டியிருக்கும். சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய தகவலை வைத்திருக்கும் செயலி பழைய விலையைத்தான் சொல்லும். நம் ஊரில் மணலை 'யூனிட்' கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி. செயலி டன்னில் சொன்னால் கன அடிக்கு மாற்றிக் கேளுங்கள். பொருள்களின் அளவை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, விலையை ஹார்டுவேர் கடையிலும் லாரிக்காரரிடமும் விசாரித்து நாமே எழுதுவதுதான் நல்லது. கொத்தனார் பேசும் ரேட் கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் வராத செலவும் உண்டு. மழை பெய்தால் கரிசல் பாதையில் லாரி இறங்காது; ரோட்டோரம் கொட்டி டிராக்டரில் மாற்றி ஏற்ற வேண்டும். கான்கிரீட்டை ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். கிணறு வற்றியிருந்தால் தண்ணீர் லாரிதான். கடன் கேட்டுப் போனால் வங்கியில் பெரும்பாலும் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டைத்தான் கேட்பார்கள். அதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

மகள் மண், ஆழம், கனம், கடை விலை எல்லாவற்றையும் கொடுத்து மறுபடி கேட்டார். தொகை ஏறிவிட்டது. அப்பா யோசித்தார். மாடு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி இருந்தால் போதும். 10 மாட்டுக்கு 380. தீவனத் தொட்டியை வெளிப்பக்கம் தள்ளிவிட்டு, இப்போதைக்கு 20-க்கு 20 அடியில் கட்டுவது, மீதி 10 அடியை அடுத்த கோடையில் நீட்டுவது என்று முடிவானது. நகையில் பாதிதான் அடகுக்குப் போனது. கொத்தனார் வானம் தோண்டக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறார்.