கிளைக்கால் உற்பத்தியில் வெள்ளியின் பணி

பாலியெஸ்டர் இழைக்கும், குளிர்நாடுகளில் மோட்டார் எஞ்சின் நீரை உறையாமல் காக்கும் திரவத்திற்கும் மூலப்பொருளாக அமைவது எதிலீன் கிளைக்கால். எதிலீன் வாயுவை முதலில் எதிலீன் ஆக்ஸைடாக மாற்றி, பின்னர் அதனை நீருடன் கூட்டி இதனைத் தயாரிக்கின்றனர். இவ்விரு படிகளுள் முதலாவதே அரியது. தொழிலின் ஆதாயமும் நட்டமும் பெரும்பாலும் அதனையே பொறுத்தவை.

பழைய முறை

எதிலீன் ஆக்ஸைடை 1859-ல் கண்டறிந்தவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் உர்ட்ஸ். பின்னர் எழுந்த தொழில்முறையில், எதிலீனைக் குளோரின் கலந்த நீருடன் சேர்த்துக் குளோரோஹைட்ரினாக்கி, அதனைச் சுண்ணாம்புடன் வினைபுரியச் செய்தனர். விலைமிக்க குளோரின் விளைபொருளில் சேராது, கால்சியம் குளோரைடாகக் கழிவுநீரில் போயிற்று.

நேரடி முறை

வெள்ளியைக் கிரியா ஊக்கியாகக் கொண்டால் எதிலீன் பிராணவாயுவுடன் நேரே கூடும் என்பதை 1931-ல் பிரான்ஸில் லெஃபோர் கண்டார். 1937-ல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் இம்முறையில் உற்பத்தி தொடங்கிற்று. அப்போது காற்றே பயன்பட்டது. காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவையே செலுத்தும் முறையை 1958-ல் ஷெல் நிறுவனம் கொணர்ந்தது.

அலுமினாத் துணுக்குகளின்மீது வெள்ளியை நுண்துகள்களாகப் படியவைத்து, நீண்ட குழாய்களில் நிரப்புகின்றனர். 200 முதல் 300 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வாயுக்கலவை அவற்றினூடே செல்கிறது. எதிலீனில் ஒரு பகுதி ஆக்ஸைடாகிறது. மற்றொரு பகுதி முற்றும் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. முற்றும் எரிகையில் வெளிப்படும் வெப்பம், ஆக்ஸைடு உண்டாகும்போது வெளிப்படுவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகும். ஆகவே, குழாய்களைச் சுற்றிலும் குளிர்விக்கும் திரவத்தை நிறுத்தி அவ்வெப்பத்தை அகற்றாவிடில் விபத்து நேரும். எரிதலை அடக்குவதற்கு, குளோரின் அடங்கிய சேர்மம் பத்து லட்சத்தில் சில பங்கு என்னும் அளவில் சேர்க்கப்படுகிறது. முன்பு டன் கணக்கில் வீணான குளோரின், இங்கே துளியளவில் உதவுகிறது!

கணக்கு

28 பங்கு எதிலீன் 44 பங்கு ஆக்ஸைடாகி, 18 பங்கு நீருடன் கூடி, 62 பங்கு கிளைக்கால் ஆகிறது. ஆகவே, 100 கிலோ எதிலீனிலிருந்து 221 கிலோ பெறலாம். எதிலீனில் நூற்றுக்கு 70 பங்கே ஆக்ஸைடானால் கிடைப்பது 155 கிலோ; 90 பங்கு ஆனால் 199 கிலோ. நல்ல ஊக்கியின் பெருமை வினையை விரைவுபடுத்துவதில் மட்டுமன்று, உரிய இடத்தில் நிறுத்துவதிலும் உள்ளது. வகுப்பில் இக்கணக்கை மாணவரைக் கொண்டே போடச் செய்யலாம்.

எதிலீன் பெட்ரோலியத்திலிருந்தே வரவேண்டுமென்பதில்லை. உத்தரகண்ட் மாநிலத்துக் காசிப்பூரில், கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை எதிலீனாக்கிக் கிளைக்கால் தயாரிக்கும் ஆலை நிறுவப்பட்டது.

எச்சரிக்கை

ஆக்ஸைடு நீருடன் கூடும்போது டைஎதிலீன் கிளைக்காலும் உடன் விளைகிறது. இவ்விரண்டும் இனிப்பானவை, ஆயினும் நஞ்சு. 1937-ல் அமெரிக்காவில் டைஎதிலீன் கிளைக்காலில் கரைத்து விற்கப்பட்ட மருந்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனவே, களப்பணியாளர் இத்திரவங்களைப் பெயரெழுதிய கலங்களில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைத்தல் ஒருபோதும் கூடாது.