தோற்றவனைத் தாங்கும் கை எது?

காரவள்ளி அடிவாரத்திலே பேருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை! அங்குள்ள நாடுகளிலே ஒன்று பெரக்கரை நாடு. மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் மண்.

தோழர்களே, அந்த நாட்டிலிருந்து ஒரு பிள்ளை இறங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டிலே கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் கால் அவனுடையது. நாமக்கல்லிலே அறிஞர் அண்ணா பெயர் தாங்கிய அரசுக் கலைக் கல்லூரி; சேலத்திலே பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக் கழகம். கணிதப் பட்டப் படிப்பு, முதலாண்டு, முதல் தேர்வு. முடிவு வருகிறது. கணக்கிலே தேறவில்லை!

உடனே கனைத்துக்கொண்டு கிளம்புவார் ஒரு கனவான்: "நான் அன்றே சொன்னேன். தகுதி வேண்டாமா, திறமை வேண்டாமா? மலைப் பையனுக்குக் கால்குலஸ் வருமா?"

வரும், ஐயா, வரும்! வளைந்து செல்லும் கோட்டிலே, எந்தப் புள்ளியில் எவ்வளவு சரிவு என்று சொல்வதுதானே வகைநுண்கணிதம்? எழுபது வளைவிலும் ஏறி இறங்குகிறவனுக்குச் சரிவைப் பற்றி நீர் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பின் ஏன் தவறினான்? பள்ளியிலே 'சார்பு', 'எல்லை', 'வகைக்கெழு' என்று தமிழிலே கற்றான். கல்லூரிப் புத்தகத்திலே அவையே 'பங்ஷன்', 'லிமிட்', 'டெரிவேட்டிவ்' என்று வேற்றுடையிலே வந்து நின்றன. அறிந்த ஆளையே அடையாளம் காண இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தேர்வு வந்துவிட்டது. அதே கார்த்திகையிலேதான் மலையிலே காப்பிப் பழம் சிவக்கிறது. ஒரு கை குறைந்தால் வீட்டிலே ஒரு கூலி குறையும். நகரத்துப் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி. இவனுக்குத் தோட்டத்திலே கூடை. மதிப்பெண் பட்டியலிலே இந்தக் கணக்கெல்லாம் ஏறுமா?

தேர்விலே தவறியவன் அறிவிலி என்றால், கணித மேதை இராமானுசனை எங்கே வைப்பது? கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே உதவித்தொகையை இழந்தவர் அவர். கணக்கிலே மூழ்கி மற்றப் பாடங்களை மறந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், 1907-லும் எஃப்.ஏ. தேறவில்லை.

ஆனால், தோற்றவரைத் தாங்கக் கைகள் இருந்தன. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் தந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்திலே குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ல் பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக் கழகமே மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1918-ல் இலண்டன் இராயல் சொசைட்டியிலே அவர் உறுப்பினர்! அந்த உயர்வைக் கண்டு நமக்குப் பொறாமையில்லை, பெருமைதான். நாம் கேட்பது ஒன்றே: பெரக்கரை நாட்டுப் பிள்ளை தவறினால், தாங்க எந்தக் கலெக்டர் வருவார்?

வாயிலைத் திறந்தோம், உண்மை. 1990-ல் மலைவாழ் மக்களுக்கென்று தனியாக ஒரு விழுக்காடு இடம் ஒதுக்கியது கலைஞர் அரசு. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய் என்று வந்தன. சட்டம் இடம் தரும்; திட்டம் பணம் தரும். நள்ளிரவிலே விளங்காத கணக்கை விளக்க அரசாணையா வரும்? ஆள்தான் வரவேண்டும்!

தேர்வே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. தேர்வை எழுதட்டும், ஆனால் துணையோடு எழுதட்டும்.

படிப்பகத்திலே வளர்ந்தது நம் இயக்கம். ஒருவர் ஏடு படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டு அரசியல் கற்றோம். அந்தப் படிப்பகத்திலே ஒரு கரும்பலகை மாட்டுங்கள். பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வையுங்கள். கணிதம் படித்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவரை வாரம் இரண்டு மாலை அங்கே உட்கார வையுங்கள். நாமக்கல்லிலே செய்யுங்கள், சேந்தமங்கலத்திலே செய்யுங்கள், மலைமேலும் செய்யுங்கள். தவறியவனைத் தேடிச் சென்று, "தம்பி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், வா" என்று கூப்பிடுங்கள்.

முதல் தேர்விலே தவறுவது தோல்வியல்ல. தவறியவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டால், அதுதான் தோல்வி, அவனுக்கல்ல, நமக்கு!