சாவி எந்தப் பக்கம் இருந்தது?

சென்ற வாரம், ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில் சென்ட்ரிஃபியூஜ்களைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலைப் பார்த்தோம். அது குறிவைத்தது இயந்திரங்களை. இந்த வாரம் பார்க்கப்போகும் 'டிரைட்டன்' நுழைந்ததோ, ஆட்களின் உயிரைக் காப்பதற்கென்றே வைத்திருக்கும் கருவிக்குள்.

2017 ஜூன். சவுதி அரேபியாவின் செங்கடல் கரையிலுள்ள பெட்ரோ ராபிக் ஆலையின் ஒரு பகுதி தானாக நின்றுபோனது. பிளாண்ட் பாஷையில் 'டிரிப்'. ஆலையை நிறுத்திய கருவியைக் கழற்றிச் சோதித்தார்கள். ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, ஆலையைத் திரும்பவும் ஓட்டினார்கள். ஆகஸ்டில் மறுபடியும் டிரிப்.

இரண்டு முறையும் ஆலையை நிறுத்தியது ஷ்னைடர் நிறுவனத்தின் 'டிரைகோனெக்ஸ்' பாதுகாப்புக் கண்ட்ரோலர். உலையின் வெப்பமோ குழாயின் அழுத்தமோ எல்லை மீறினால், யாரையும் கேட்காமல் வால்வை மூடிவிடுவது அதன் வேலை. அது கைவிட்டால் தீவிபத்தும் நச்சுவாயுக் கசிவும் நேரலாம். அதற்குள் மூன்று பிராசஸர்கள் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடும். மூன்றிலும் உள்ள நிரல் ஒத்துப்போகாவிட்டால் ஆலையை நிறுத்திவிடும். ஊடுருவியவர்களின் நிரல் இடறியது இங்கேதான். அந்த இடறலால்தான் விஷயமே வெளியில் தெரிந்தது.

கண்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி உண்டு. ஆலை ஓடும்போது அது 'ரன்' நிலையில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் லாஜிக்கை மாற்றும்போது மட்டும் 'புரோகிராம்' பக்கம் திருப்புவார்கள். ராபிக்கில் அது 'புரோகிராம்' பக்கமே விடப்பட்டிருந்தது. இன்ஜினியர்களின் கம்ப்யூட்டரில் 'டிரைலாக்' என்ற பெயரில் ஒரு ஃபைல். பார்த்தால் டிரைகோனெக்ஸின் சொந்த மென்பொருள் என்றே தோன்றும். அது அனுப்பிய நிரல், கண்ட்ரோலரின் ஃபர்ம்வேரில் இருந்த ஓட்டை வழியாக அதன் மெமரியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தபின் சாவியைத் திருப்பினாலும் பயனில்லை.

அப்டேட் போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த ஓட்டை அதுவரை ஷ்னைடருக்கே தெரியாது. போடுவதற்கு அப்டேட்டே இல்லை. தெரிந்தபின்னும் செல்போனில் போடுவதுபோல் உடனே போட்டுவிட முடியாது. ஓடும் ஆலையின் பாதுகாப்புக் கண்ட்ரோலரில் கைவைக்க யாரும் துணியமாட்டார்கள். ஷட்டவுன் வரும்வரை காத்திருப்பார்கள். பெரிய ஷட்டவுனோ சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் சாவியைத் திருப்பி வைக்க எந்த ஷட்டவுனும் தேவையில்லை. ஜூனில் டிரிப் ஆனபோதே, கருவியோடு நிறுத்தாமல் அதனுடன் இணைந்த கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கையும் துருவியிருக்க வேண்டும். ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், தங்களைக் காக்கும் கருவி பிறர் கையில் இருப்பது தெரியாமல் எத்தனையோ பேர் ஷிஃப்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

டிரைட்டனோடு தொடர்பு உண்டு என்று சொல்லி, 2020 அக்டோபரில் மாஸ்கோவின் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின்மீது அமெரிக்கா தடை விதித்தது. அங்கு வேலைபார்த்த ஒருவர்மீதான குற்றப்பத்திரிகை 2022 மார்ச்சில் வெளியானது. ராபிக்கோடு ஊடுருவியவர்கள் நிற்கவில்லை என்கிறது அது: 2018-இல் அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் நுழையப் பார்த்திருக்கிறார்கள். அங்கே முடியவில்லை.

(தொடரும்)